பாட்டிலுக்குச் சட்டை தைத்த கதை

எங்கள் வீட்டுப் பரணில் மூன்று அட்டைப்பெட்டிகள் இருக்கின்றன. மொத்தமாக எடை போட்டால் 11 கிலோ வரும். உள்ளே 7,500 பிளாஸ்டிக் ஸ்லீவ்கள், அதாவது பாட்டிலின் மேல் மாட்டும் உறைகள். ஒவ்வொன்றிலும் ‘பூண்டுத் தொக்கு’ என்று சிவப்பு எழுத்தில் பளபளவென்று அச்சாகியிருக்கிறது. ஒன்றுகூட இனி எந்தப் பாட்டிலிலும் ஏறாது. பழைய பொருள் எடுப்பவரிடம் கேட்டேன். ஒன்றை எடுத்துக் கசக்கிப் பார்த்துவிட்டு, “இது பிவிசி அம்மா, இதை யாரும் எடுக்க மாட்டார்கள்” என்று போய்விட்டார். இந்தப் பெட்டிகளுக்குப் பின்னால் இருக்கும் கதையை யாராவது எனக்கு 2023-லேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை இரவுகள் தூக்கம் கெட்டிருக்க மாட்டேன்.

மதுரையில் வீட்டின் பின்கட்டில் தொக்கு, ஊறுகாய், பொடி வகைகள் செய்து விற்கிறேன். கூடமாட இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். பல ஆண்டுகளாகக் கண்ணாடி பாட்டிலில் ஒட்டுத்தாள் ஒட்டித்தான் விற்றேன். தொக்கு என்றால் நல்லெண்ணெய் இருக்கும், எண்ணெய் இருந்தால் கசியும், கசிந்தால் ஒட்டுத்தாளின் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதுதான் எனக்கு இருந்த ஒரே குறை. ஒரு கண்காட்சியில் பக்கத்துக் கடைக்காரர் பழச்சாறு வைத்திருந்தார். அவருடைய பாட்டில்கள் கழுத்திலிருந்து அடிவரை படம் போர்த்தி நின்றன. மூடியில்தான் கொஞ்சம் இடம் மிச்சம். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் அந்தப் பக்கம்தான் திரும்பினார்கள். எனக்குப் பொறாமை என்றே சொல்லிவிடுகிறேன். அன்று மாலையே அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: இதற்குப் பெயர் ஷ்ரிங்க் ஸ்லீவ். குழாய் மாதிரி ஒரு பிளாஸ்டிக் உறை. பாட்டிலுக்கு மேல் போட்டுச் சூடு காட்டினால் சுருங்கி இறுகப் பிடித்துக்கொள்ளும். அவர் விற்றது பழச்சாறு, நான் விற்பது தொக்கு என்ற வித்தியாசம் அன்று எனக்கு உறைக்கவில்லை.

வடிவமைப்பாளர் ஒரு தம்பி. கெட்டிக்காரர், குறை சொல்ல மாட்டேன். நவம்பரில் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். கரும்பச்சைப் பின்னணி, தோள்பட்டையில் உரலில் இடிக்கும் ஒரு பாட்டியின் முகம், நடுவில் பெயர், சுற்றிலும் பூண்டுப் பற்கள். பார்த்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது. நாம் செய்கிற பண்டமா இது என்றிருந்தது. உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அந்தப் படம் கணினியில் வரைந்த பாட்டிலின் மேல் போர்த்திய படம். அதில் சூடும் இல்லை, சுருக்கமும் இல்லை. யாராவது உங்களுக்கு இப்படிப் படம் அனுப்பினால் ரசியுங்கள், சம்மதம் மட்டும் சொல்லாதீர்கள்.

செலவைச் சொல்கிறேன். இந்த உறைகளைப் பெரும்பாலும் கிராவூர் முறையில் அச்சடிக்கிறார்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக ஒரு உருளை செதுக்க வேண்டும், அதைச் சிலிண்டர் என்பார்கள். என்னுடையது ஆறு நிறம். ஒரு சிலிண்டர் 4,500 வீதம் 27,000 ரூபாய். குறைந்தபட்சம் 10,000 உறை அடித்தால்தான் கட்டும் என்றார்கள், ஒன்று 1.90 ரூபாய், ஆக 19,000. வடிவமைப்புக்கு 12,000. சூடு காட்டும் ஹீட் கன் 2,200. வரியைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் 60,200 ரூபாய். நிறத்தை மூன்றாகக் குறைத்திருந்தால் சிலிண்டர் செலவு பாதியாகியிருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முதலில் சில நூறு உறைகளை டிஜிட்டல் முறையில் அடித்துப் பார்க்கலாம் என்பதும் தெரியாது. ஒன்றுக்கு விலை மூன்று நான்கு மடங்கு வரும், ஆனால் சிலிண்டர் கிடையாது. புதுப் பண்டத்துக்கு அதுதான் சரி.

ஜனவரி 2024-இல் பெட்டிகள் வந்தன. அடுக்களை மேடையில் பாட்டிலை வைத்து முதல் உறையை மாட்டினேன், பாவாடை மாதிரி தொளதொளவென்று நின்றது. ஹீட் கன்னைக் காட்டியதும் சட்டென்று இறுகியது. மூன்று பாட்டில் நன்றாகவே வந்தன. நான்காவதில் இடுப்பில் சுருக்கம் விழுந்தது. ஐந்தாவதில் அடி ஓரம் ஒரு பக்கம் மட்டும் மேலேறி, வேட்டியை ஒருபுறம் தூக்கிச் செருகியது போல நின்றது. எல்லாவற்றையும்விடப் பாட்டியின் முகம்தான் மோசம். எங்கள் பாட்டிலின் விட்டம் இடுப்பில் 70 மில்லிமீட்டர், கழுத்தில் 48. அந்தச் சரிவில் உறை மூன்றில் ஒரு பங்கு சுருங்கியாக வேண்டும், அது குறுக்குவாட்டில்தான் சுருங்கும். எனவே பாட்டியின் கன்னம் இரண்டும் ஒட்டி, பல்வலிக்காரி போல ஆகிவிட்டார். கீழே சிறிய எழுத்தில் இருந்த வாசகத்தில் புள்ளிகள் பக்கத்துச் சுழிகளோடு ஒட்டிக்கொண்டன. தமிழ் எழுத்துக்கு இது தனிக் கஷ்டம். ஆங்கில எழுத்து நெருங்கினால் ஒல்லியாகத் தெரியும். நம் ‘ண’வும் ‘ஞ’வும் நெருங்கினால் கறுப்புப் பொட்டாகிவிடும்.

இதற்கு வழி இருக்கிறது. அச்சிடுவதற்கு முன் கட்டம் போட்ட வெற்று உறை ஒன்றைக் கேளுங்கள். எல்லாப் பக்கமும் ஒரே அளவுச் சதுரங்கள் அச்சிட்டது. அதை உங்கள் பாட்டிலில் சுருக்கிப் பார்த்தால், எந்த உயரத்தில் சதுரம் எவ்வளவு நெருங்குகிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். சதுரம் சதுரமாகவே இருக்கும் பகுதியில் மட்டும் பெயரையும் முகத்தையும் சின்ன எழுத்தையும் வையுங்கள். சரிவில் வெறும் நிறமோ பூவோ கொடியோ போதும். அங்கே படம் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், சுருங்கிய பிறகு சரியாகத் தெரியும்படி முன்கூட்டியே அகலமாக்கி வரைய வேண்டும். பார்கோடுக்கும் இதே கதை. அந்தக் கோடுகளை நான் வேலிக்கம்பி போல நட்டுக்குத்தலாக வைத்துவிட்டேன். உறை குறுக்கே சுருங்கும்போது கோடுகளின் இடைவெளியும் சுருங்கிக் கருவி படிக்க மறுத்தது. ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்திருக்க வேண்டும். ஹீட் கன்னை விட நீராவியோ, கூடையில் வைத்து வெந்நீரில் சில நொடி முக்கி எடுப்பதோ சீராகப் பிடிக்கிறது. ஆனால் மூடியைத் துடைத்துக் காயவைக்க ஓர் ஆள் வேண்டும். இதையெல்லாம் பழகுவதற்குள் 200 உறை பாழ்.

தமிழ் எழுத்தைப் பற்றி இன்னொன்று. சரிபார்க்க வந்த பிரதியைப் பார்த்த என் மகள், “அம்மா, வெல்லத்துக்குக் கொம்பு பின்னால் இருக்கிறது” என்றாள். வடிவமைப்பு மென்பொருளில் ஏதோ அமைப்பு மாறி, எழுத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் நின்றிருந்தது. வெல்லம், வெந்தயம், நல்லெண்ணெய், பெருங்காயம் எல்லாவற்றிலும் அதே கோலம். அது சரி செய்யப்பட்டது, அந்த ஒரு விஷயத்தில் தப்பித்தேன். உங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருந்தால் கடைசிப் பிரதியை அதன் கையில் கொடுங்கள். எழுத்துகளை உருவங்களாக மாற்றிய பிறகு வரும் கோப்பைத்தான் சரிபார்க்க வேண்டும், அதற்கு முந்தையதை அல்ல. தமிழில் மட்டும் விவரம் போட்டாலும் போதாது. உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழைக் கூடுதலாகச் சேர்க்கலாம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும் என்பதால், ஒவ்வாமை எச்சரிக்கையில் கோதுமையையும் சொல்ல வேண்டும். எனக்கு அது உறை அச்சாகும் முன்பு தெரிந்தது கடவுள் புண்ணியம்.

கடைக்குக் கொண்டுபோனேன். எட்டு ஆண்டாக என் சரக்கை வைத்திருக்கும் மளிகைக்கடை அண்ணாச்சி பாட்டிலைக் கையில் எடுத்தார், சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “அழகாகத்தான் இருக்கிறது தங்கச்சி. ஆனால் உள்ளே இருப்பது தெரியவில்லையே?” என்றார். அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. ஊறுகாய் வாங்குகிறவர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டி, மேலே எண்ணெய் எவ்வளவு நிற்கிறது, பூண்டு முழுசாக இருக்கிறதா, கூழாகிவிட்டதா என்று பார்த்துத்தான் வாங்குவார். பழச்சாற்றுக்கு அந்தச் சோதனை கிடையாது. என் பண்டத்தின் சிறந்த விளம்பரம் அந்தச் சிவந்த எண்ணெய்தான். அதை 60,200 ரூபாய் செலவழித்து நானே மூடி வைத்திருந்தேன். இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு தொல்லை: மூடி வழியே கசிந்த எண்ணெய் உறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே இறங்கிச் சிக்கிக்கொண்டது. வெளியே துடைத்தால் போகாது. ஒட்டுத்தாள் காலத்தில் ஒரு துணியால் துடைத்திருப்பேன்.

தேதி முத்திரை குத்துகிற இடத்தையும் நான் யோசிக்கவில்லை. இந்த உறைகளில் அச்சு உட்புறம் இருக்கும், வெளிப்புறம் வழவழப்பான பிளாஸ்டிக். சாதாரண முத்திரை மை அதில் காயாது. விரல் பட்டால் உற்பத்தித் தேதி விரலுக்கு வந்துவிடும். பிளாஸ்டிக்கில் காயும் தனி மை வாங்க வேண்டும். கரும்பச்சையின் மேல் கறுப்பு மை தெரியாது என்பதால், வெள்ளை நிறத்தில் ஒரு கட்டமும் விட்டிருக்க வேண்டும். நான் பாட்டிலின் அடியில் குத்திச் சமாளித்தேன்.

பெரிய அடி பிப்ரவரியில் விழுந்தது. அந்த ஆண்டுத் தொடக்கத்தில் பூண்டு விலை எங்கே போனது என்று சமைக்கிற எல்லோருக்கும் நினைவிருக்கும். சில்லறையில் கிலோ 400 ரூபாயைத் தாண்டியது. என் உறையில் அதிகபட்ச சில்லறை விலை 140 ரூபாய் என்று ஆறு நிறத்தில் நிரந்தரமாக அச்சாகியிருந்தது. மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 170 என்று போட்டால் என்ன? கூடாது. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, விலையைக் குறைக்க ஸ்டிக்கர் ஒட்டலாம், கூட்ட ஒட்டக்கூடாது. கையில் இருந்த ஒப்பந்தங்களுக்காக 1,100 பாட்டிலைப் பாட்டிலுக்கு 18 ரூபாய் நட்டத்தில் விற்றேன். 19,800 ரூபாய். ஒவ்வொரு பாட்டிலை மூடும்போதும் அந்த 18 ரூபாயை மனத்துக்குள் எண்ணினேன். பிறகு பூண்டுத் தொக்கையே நிறுத்திவிட்டு உறைப்பெட்டிகளைப் பின்கட்டுத் தகரக்கூரைக்குக் கீழே அடுக்கி வைத்தேன். விலை, தேதி, தொகுப்பு எண், இந்த மூன்றும் அச்சில் ஏறவே கூடாது, பிறகு குத்துகிற கட்டத்துக்குள்தான் வர வேண்டும். இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

மே மாதக் கடைசியில், கத்திரி வெயில் முடிகிற நேரம், ஒரு திருமண வீட்டுக்கு 300 பாட்டில் கேட்டார்கள். நேரடி விற்பனைதானே, விலை பேசிக்கொள்ளலாம் என்று பெட்டியைத் திறந்தேன். உறை பாட்டிலில் ஏறவில்லை. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் ஏறவில்லை. புதுப் பாட்டில் பெரிதாக வந்துவிட்டதோ என்று பழைய பாட்டிலில் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் வந்து நின்றுகொண்டது. என் அப்பா நாற்பது ஆண்டு தையல் வேலை பார்த்தவர். திண்ணையில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், எழுந்து போய்த் தன் டேப்பை எடுத்துவந்தார். உறையைத் தட்டையாக விரித்து அகலத்தை அளந்தார். பாட்டிலின் சுற்றளவு 220 மில்லிமீட்டர், அதில் பாதி 110. உறையின் தட்டை அகலம் 112 என்று பேசி அடித்தோம், மாட்டுவதற்கு 2 மில்லிமீட்டர் தளர்வு. இப்போது அப்பாவின் டேப்பில் 110-க்கும் கொஞ்சம் கீழே நின்றது. “எங்கே வைத்திருந்தாய்?” என்றார். தகரக்கூரையைக் காட்டினேன். “சுருங்குகிற துணி என்று தெரிந்தே வெயிலில் வைத்தாயா, அம்மாடி? துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதானே வெட்டுவோம்?” அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். கணவரிடம் முழுக் கணக்கைச் சொன்னதும் அன்று இரவுதான்.

சூட்டில் சுருங்குவதற்கென்றே செய்த படலம் அது. நாம் காட்டும் சூடா, சித்திரை வைகாசி வெயிலா என்று அதற்குப் பேதம் தெரியாது. பிவிசி இதில் ரொம்ப உணர்ச்சிக்காரப் பொருள். குளிர்ந்த, நிழலான அறையில் வைக்க வேண்டும், கோடைக்கு முன்பு தீர்கிற அளவே வாங்க வேண்டும், லாரியில் வரும்போதுகூட எங்கே அடுக்குகிறார்கள் என்று கேட்க வேண்டும். கையால் போடுகிற நாம் 2 மில்லிமீட்டருக்குப் பதில் 3 மில்லிமீட்டர் தளர்வு கேட்டு வாங்கலாம். பாட்டில் விற்பவர் அச்சு மாற்றினாலும் அரை மில்லிமீட்டர் கூடும் குறையும். எனவே ஒரு பாட்டிலை அளக்காமல், வெவ்வேறு சாக்கிலிருந்து பத்துப் பாட்டிலை எடுத்து அளந்து பெரியதற்கு உறை தையுங்கள்.

இவ்வளவு பட்டும் ஸ்லீவ் மோகம் விடவில்லை. இந்த முறை காகித அட்டையில், அதாவது பெட்டியின் மேல் வளையம் போலச் செருகி எடுக்கிற வகை. 2024 தீபாவளிக்கு நான்கு பொடிகள் அடங்கிய அன்பளிப்புப் பெட்டி. சாதாரணப் பழுப்புப் பெட்டி, அதன் மேல் அழகான அட்டை உறை. செப்டம்பரில் சிவகாசிக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஆடிப்பெருக்குக்குக் புது ஆண்டுக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டுவிட்டால், அதன்பின் ஆண்டு முடியும்வரை அச்சகங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. நம் ஆயிரம் உறையை இடையில் செருகுவது அவர்களின் தயவு. அட்டையை வடிவமாக வெட்டும் டை கட்டிங் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர், “பெட்டி கொண்டுவந்தீர்களா?” என்றார். நீட்டினேன். கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். “இது காலிப் பெட்டி. பொடியைப் போட்டால் வயிறு தள்ளாதா?” அவர் சொன்னபடி பக்கத்துக் கடையில் மாவுப் பொட்டலங்களை வாங்கி நிரப்பினோம். நடுவில் 3 மில்லிமீட்டர் உப்பியது. அதே கனத்து அட்டையில் கத்தியால் வெட்டி ஒரு மாதிரி உறை மடித்துக் கொடுத்தார். அட்டையின் நார் ஓடும் திசைக்கு இணையாக மடிப்பு வந்தால் சுத்தமாக மடியும், குறுக்கே வந்தால் மடிப்பில் வெடித்து வெள்ளை தெரியும் என்று இரண்டையும் மடித்தே காட்டினார். ஐப்பசி மழையில் அட்டை ஈரம் குடித்துக் கொஞ்சம் ஊதும், அதற்கும் சேர்த்து இடம் விடச் சொன்னார். அந்தப் பெரியவரை ஓராண்டு முன்பு பார்த்திருந்தால்!

உறைகள் பிரமாதமாக வந்தன. ஒரு பெரிய கடையில் 400 பெட்டி கேட்டிருந்தார்கள். கொள்முதல் அதிகாரி உறையைச் செருகி எடுத்தார், பின்பக்கம் திருப்பினார், மேசையில் வைத்துவிட்டார். சேர்பொருள், நிகர எடை, விலை, 14 இலக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், சைவத்துக்கான பச்சைப் புள்ளி எல்லாம் பெட்டியின் பின்னால் இருந்தன. நான் அவற்றின் மேல் பூப்போட்ட உறையைப் போட்டு மூடியிருந்தேன். மேலுறை ஒளி ஊடுருவாததாக இருந்தால் கட்டாய விவரங்கள் எல்லாம் மேலுறையிலும் இருக்க வேண்டும். உணவு விதியும் எடையளவு விதியும் இரண்டுமே இதைச் சொல்கின்றன. உறையை வாங்குகிறவர் கழற்றி எறிந்துவிடுவார் என்பதால் உள்ளேயும் காலாவதித் தேதி இருப்பது நல்லது. மறு அச்சுக்குச் சிவகாசியில் தீபாவளிக்கு முன் இடமில்லை. 9,000 ரூபாய் உறைகளும் அந்த 400 பெட்டி வியாபாரமும் போயின. பெட்டிகளை உறையில்லாமல் தெரிந்தவர்களுக்கு விற்றேன்.

எல்லாம் சேர்த்து 89,000 ரூபாய். பொங்கலுக்குத் திருத்தி அடித்த அட்டை உறை மட்டும் இன்றுவரை எனக்குச் சோறு போடுகிறது. ஒரே பழுப்புப் பெட்டி, மேலே உறையை மாற்றினால் பொடிப் பெட்டி, மாற்றினால் கல்யாணத் தாம்பூலப் பெட்டி. பெட்டிச் சரக்கு தேங்குவதில்லை. ஸ்லீவின் உண்மையான லாபம் இதில்தான் என்பது என் கணக்கு. தொக்கு பாட்டிலுக்கு எண்ணெய் தாங்கும் ஒட்டுத்தாளுக்கே திரும்பிவிட்டேன். மூடியின் மேல் மட்டும் அச்சில்லாத சின்னச் சுருங்கு வளையம் போடுகிறேன். சில பைசாதான், திறந்திருந்தால் தெரிந்துவிடும். அதை நிழலில், அப்பாவின் தையல் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

சென்ற மாதம் அந்தப் பழைய அச்சகத்துக்குப் போன் செய்து என் ஆறு சிலிண்டர்களைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். பணம் கொடுத்தது நான், ரசீதில் சிலிண்டர் யாருடையது என்று எழுதி வாங்கவில்லை. நான்கைத் தேய்த்து வேறு ஒருவருக்குச் செதுக்கிவிட்டார்களாம். மிச்சம் இரண்டு இருக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் இன்னும் போகவில்லை.